ஒற்றைக் காலில்

— என்ன மாப்ள, போன வேகத்துல வந்துட்டே? பெஞ்சு சூடு ஆறக்கூட இல்ல.

— முடிஞ்சிடுச்சு மச்சான். ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க, கண்ணை மூடிக்கிட்டு. நின்னேன்... தூக்குன காலைக் கீழ ஊனிட்டேன். மூணு மாடிக்கு மேல ஏறக்கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா.

— விளையாடாதே. என் தங்கச்சியைத்தான் கட்டுவேன்னு எங்க வாசல்ல ஒத்தக் கால்ல நின்ன ஆளு நீ. எங்கப்பா நாயை அவுத்து விட்டும் அசையலை.

— அப்போ கண்ணைத் திறந்துக்கிட்டுல்ல நின்னேன்.

— திறந்துக்கிட்டுமா அவளைக் கட்டினே?

— இருங்க, அவகிட்ட சொல்றேன்... சரி, நீங்க முதல்ல போனீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?

— என் கதையை விடு.

— கட்டடத்துல கம்பி கட்டுறவருக்கு இதெல்லாம் தூசி.

— விடுன்னா... எவன் போட்ட சட்டம்டா இது? உசரத்துல வேலை பார்க்கணும்னா டாக்டர் சரின்னு சொல்லணுமாம். இத்தனை வருஷமா எந்த டாக்டர் வந்து பார்த்தாரு?

— சட்டம்னா சட்டம்தானே மச்சான்.

— நீ என்ன அதுக்குப் பரிஞ்சு பேசுறே? உன் வயித்துல அடிச்சிருக்கு. வெளிப்பூச்சுக் கூலியில பாதிகூட வராது உள்பூச்சுக்கு. பாப்பாவை இப்பத்தான் ஸ்கூல்ல சேர்த்திருக்கீங்க.

— சமாளிச்சுக்கலாம்.

— கிழிச்சே. எழுந்திரு. வெறும் வயித்தோட வந்தான், அதான் தள்ளாடிட்டான்னு நான் சொல்றேன். இன்னொரு தடவை நில்லு.

— வேணாம் மச்சான்.

— அட, வாடா...

— கையை விடுங்க.

— பத்தாவது மாடிப் பலகையில பீடி பத்த வச்சுக்கிட்டே நடக்குறவன் நீ. தரையில நிக்க முடியலைன்னா எவன் நம்புவான்?

— நிக்க முடியும்.

— என்னது?

— நல்லாத்தான் நின்னேன். போதும்னு சொல்ல அந்தம்மா வாயெடுத்தாங்க... நானாத்தான் காலை ஊனினேன்.

— ...ஏன்டா?

— பயமா இருக்கு மச்சான். நம்ம சைட்டுல அந்தப் பெயிண்டர் விழுந்ததுலேர்ந்து. பக்கத்துப் பலகையிலதானே நின்னான். கொத்தனாரே, கொஞ்சம் தண்ணின்னான். பாட்டிலை நீட்டுறேன்... ஆளைக் காணோம். அன்னிலேர்ந்து சாரத்துல ஏறினா கால் என் பேச்சைக் கேக்கறதில்ல. கை நடுங்குறது தெரியக்கூடாதுன்னுதான் பீடி.

— தங்கச்சிக்குத் தெரியுமா?

— யார்கிட்ட சொல்றது? பயம்னு வாயைத் திறந்தா ஆயுசுக்கும் பட்டப்பேர் வச்சிடுவானுங்க. இந்தச் சட்டம் வந்தப்போ எல்லாரோடயும் சேர்ந்து நானும் திட்டினேன். உள்ளுக்குள்ள கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டர் வேணாம்னுட்டாங்கன்னு சொல்லி இறங்கிடலாம்ல. ஒருத்தனும் கேவலமா பார்க்க மாட்டான். பேசுங்க மச்சான். திட்டவாவது செய்ங்க.

— எந்த வாயால திட்டுறது... ஒருத்தராவது மேல போனா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியும்னு பார்த்தேன்.

— ஒருத்தராவதுன்னா? நீங்கதான் போறீங்களே.

— போறேன்னு நான் எப்போ சொன்னேன்?

— மச்சான்... உள்ள என்ன சொன்னாங்க உங்களை?

— கண்ணை மூடுன்னாங்க மாப்ள. திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நான் மூடவே இல்ல. மூடினா அந்தப் பெயிண்டர் விழுறான்.