சவேரியான் குழி

பூட்டனுக்கும் பூட்டன் காலத்துல, மணப்பிட்டின்னு கடலோரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். மூணு பக்கமும் கடல். உலையில உப்புக்குப் பதிலா ஒரு அகப்பை கடத்தண்ணி ஊத்துவாங்க. மீன் அலசுவாங்க. முள்ளு குத்துன காலை அதுலதான் முக்குவாங்க. எல்லாத்துக்கும் ஆகும் அந்தத் தண்ணி. தாகத்துக்கு மட்டும் ஆகாது.

குடிக்கிறதுக்கு மணல்ல ஒரே ஒரு ஊத்து. முழங்கை ஆழம் நோண்டினா நல்ல தண்ணி கசியும். அதுக்கு மேல நோண்டக் கூடாது. நல்ல தண்ணி மேல, கடல் கீழ, அப்பிடித்தான் படுத்திருக்காம்.

ஒரு வருசம் மழையே இல்ல. ஊத்து சொட்டுச் சொட்டாத்தான் சுரந்துச்சு. சவேரியானோட ஒரே மக மதலேனாள் பிள்ளை பெத்துட்டுக் காய்ச்சல்ல கிடந்தா. பிள்ளை தங்கல. அவ "தண்ணி, தண்ணி"ன்னு முனகினாளாம்.

சவேரியான் சிரட்டையோட ஓடினான். ஈரமண்ணுதான் வந்துச்சு. திரும்பிப் போய் மம்பட்டியோட வந்தான். அவன் பொண்டாட்டியோட தம்பி லூயிசு மறிச்சான்.

"மச்சான், மம்பட்டியக் கீழ வைங்க. ஊரே இதத்தான் குடிக்குது."

"எம்மக சாகுறா மாப்ளே."

"எம்பிள்ளைகளும் இதத்தான குடிக்குதுக?"

"ஒரு வெட்டு. ஒரே வெட்டு."

வெட்டினான். வரல. இன்னொரு வெட்டு. வரல. இன்னும் ஒரு வெட்டு. குபுக்குன்னு வந்துச்சாம், பளிங்கு மாதிரி. நாக்குல வச்சுப் பார்க்கக்கூட நிக்கல. அள்ளிக்கிட்டு ஓடினான்.

மதலேனாள் ஒரு வாய் வாங்கினா. துப்பினா. அப்பன் மூஞ்சியப் பார்த்து லேசாச் சிரிச்சாளாம். "இதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக? வாசல்லதான கிடக்கு."

பொழுது சாயுறதுக்குள்ள போய்ச் சேர்ந்தா.

அவன் செஞ்சது பாவமா? செய்யாம இருந்திருந்தா அது மட்டும் என்னவாம்?

ஊத்து முழுக்க உப்பாப் போச்சு. தள்ளித் தள்ளி நோண்டினாங்க, சுரக்கவே இல்ல. ஊரு சட்டிபானையத் தூக்கிக்கிட்டுக் கிளம்புச்சு. ஒருத்தரும் அவன ஏசலையாம். ஏசியிருந்தா அழுதிருப்பான்.

லூயிசு மட்டும் நின்னான். "வாங்க மச்சான்."

"நீங்க போங்க. இத நல்ல தண்ணி ஆக்கிட்டு வாரேன்."

இறைப்பான், ஊறும். ஊற ஊற இறைப்பான். இறைச்ச தண்ணிய எங்க கொட்டுவான்? கடல்லதான் கொட்டினான்.

மழை பெஞ்சு சனம் திரும்பினப்ப, குழி ஓரத்துல குப்புறக் கிடந்தானாம். குழி நிறைய உப்புத்தண்ணி.

வேற இடத்துல ஊத்து கண்டு ஊரு பிழைச்சுக்கிடுச்சு. சவேரியான் குழி அப்பிடியே இருக்கு. இன்னைக்கும் மணப்பிட்டியில சாவு விழுந்தா, அடக்கம் பண்ணினவங்க நேரா வீட்டுக்குப் போறதில்ல. அந்தக் குழியில ஆளுக்கு ஒரு கை அள்ளுவாங்க. கடல்ல ஊத்துவாங்க. பேசாமப் போவாங்க. குழி குறையாது. தெரிஞ்சுதான் ஊத்துறாங்க.