பின்னால வர்றா

இருங்க டீச்சர், அதுக்குள்ள எழுதாதீங்க. எம் சம்சாரத்த நான் கடசியா உசுரோட பாத்தது கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பிங்ல. களமருதூர்ல அவ தங்கச்சி வூட்டுக்குப் போயி, நாங்க கப்பல்ல போறோம்னு சொல்லிட்டு வரேன்னு பஸ் ஏறுனா. போன்ல சொல்லேன்னு கேட்டேன். போன்ல சொன்னா அவ மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்க முடியாதேன்னா. மூணாம் நாளு அந்தத் தங்கச்சிதான் போன் பண்ணுச்சு. துணி காயப் போட்டுக்கினு இருந்தவ, கொடிய புடிச்சுக்கினு அப்டியே உக்காந்துட்டாளாம்.

பரவால்லீங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க. ஓட்டர் லிஸ்ட்டு பாரத்தோட அனுப்புனா வந்துதானே ஆவணும். கொஞ்சம் பேனாவ மூடி வைங்க. டீ போட்டிருக்கேன். சக்கர கம்மியா, ஜாஸ்தியா?

கப்பலு இன்னா கப்பலுன்னா, எம் புள்ள அஜித்குமாரு சிங்கப்பூர்ல வெல்டரு. அங்கேர்ந்து ஊர் சுத்திக் காட்டற கப்பலுக்கு அப்பன் ஆத்தா ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போட்டுட்டான். காரியமெல்லாம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு, நீ மட்டுமாவது வாப்பா, டிக்கெட்டுல அம்மா பேரு அது பாட்டுக்கு கெடக்கட்டும், எடுக்கப் போனா மொதல்லேர்ந்து எழுதணுமாம்னான். கெடக்கட்டும்டான்னேன்.

கப்பல் ஏறி மூணாம் நாளு காலைல பினாங்குன்னு ஒரு ஊரு, மலேசியாவுல. எறங்கி சுத்திப் பாத்துட்டு அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்குத் திரும்பிடணும். ஏசி பஸ்ஸு, எல்லாம் நம்ம தமிழாளுங்க. கைடு பேரு ஜெயப்பிரகாஷு, அந்த ஊருத் தமிழன். தலைய எண்ணுனான், முப்பத்தெட்டு. லிஸ்ட்டுல முப்பத்தொம்போது. ஆன்ட்டி எங்க அங்கிள்னு எங்கிட்ட வந்து நிக்கறான்.

நான் இன்னா சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க. வண்டி பொறப்படற நேரம். முன் சீட்டுல கல்யாணம் ஆயி பத்து நாளு ஆவாத ஜோடி. டிரைவரு அப்பத்தான் சாமி படத்துக்கு ஊதுவத்தி வைக்கிறான். அந்த நேரத்துல சாவுன்னு ஒரு வார்த்தய வாயில எடுக்கலாமா? நம்ம பக்கம் கரும்பு லாரி பொறப்பட்டாக்கூட எடுக்க மாட்டோமே. முப்பத்தாறு வருஷமா எந்த விசேஷத்துக்குப் போனாலும், இன்னா பூமாலை, வூட்ல வர்லயான்னு கேப்பாங்க. பின்னால வர்றான்னுவேன். அவளும் வந்துடுவா. அதே பழக்கம் வாயில வந்துடுச்சு.

பத்து நிமிசம் பஸ்ஸு நின்னுது. எல்லாரும் ஜன்னல் வழியா கப்பலயே பாக்கறாங்க. நானும் பாத்தேன்னா பாருங்க.

அப்பறம் சமாளிச்சேன். அவளுக்கு பஸ்ஸு ஆவாது, டாக்சி புடிச்சு வந்துடுவான்னேன். பஸ்ஸு ஆவாதுன்றது நெசந்தான். வெள்ளிமலைக்கு ஏறச்சொல்ல எலுமிச்சம்பழத்த மூக்குல வச்சான்னா எறங்கற வரைக்கும் எடுக்க மாட்டா.

மொதல்ல ஒரு கோயிலு. புத்தரு, நம்ம கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல பாதி நீளத்துக்கு, கைய தலைக்கு வச்சு படுத்துக்கினு இருக்காரு. ஆன்ட்டி வந்தாச்சான்னான். உள்ள கும்புட்டுக்கினு இருக்கான்னேன். அடுத்து பாம்பு கோயிலு. பச்சப் பாம்புங்க கெளையில சுத்திக்கினு தூங்குது. ஆன்ட்டின்னான். பாம்புன்னா பயம், வெளில நிக்கறான்னேன். மத்தியானம் சாப்பாட்டுக் கடையில எனக்குப் பக்கத்துல இன்னோர் எலையும் போட்டுட்டான். வீணாக்க முடியுங்களா, ரெண்டயும் நானே தின்னேன்.

கேளுங்க கூத்த. கை கழுவச்சொல்ல மெட்ராசு அம்மா ஒண்ணு, நிர்மலான்னு பேரு, உங்க வூட்டம்மா நல்ல மாதிரிங்க, ஜாஸ்தி பேச மாட்டறாங்கன்னுச்சு. நீ பாத்தியாம்மான்னேன். பச்சப் பொடவ தானே, கோயில்ல எம் பக்கத்துலதான் நின்னாங்கன்னுது. அவகிட்ட பச்சப் பொடவ இருந்துது.

அதோட வுட்டுதா. இன்னொருத்தரு வந்து, உங்க சம்சாரம் பாத்ரூம் வரிசையில எங்க வூட்டுக்காரிய இடிச்சுட்டு முன்னால பூந்துட்டாங்கன்றாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம். யோவ், அவ ரேஷன் கடையிலயே நாலு பேர முன்ன வுட்டுட்டு நிக்கறவ, வேற யாரையோ பாத்துட்டுப் பேசாதன்னு சட்டையப் புடிக்கப் போயிட்டேன். அந்தாளு எறங்கி வந்துட்டாரு. சாரின்னு அக்காகிட்ட சொல்லிடுங்கன்னாரு. சொல்றேன்னேன்.

நாலரைக்கு துறைமுகத்துல எறக்கி மறுபடி எண்ணுனான். முப்பத்தெட்டு. ஜெயப்பிரகாஷுக்கு சட்ட பூரா வேர்வ. ஒரு ஆளு கொறஞ்சா லைசன்சு போயிடும் அங்கிள், ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்றான். அத்தினி பேரும் பஸ்ஸு நிக்கற எடத்துல பிரிஞ்சு போயி, ராணியம்மா ராணியம்மான்னு கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் புதுப் பொண்ணும் கூப்புடுது. வேத்து தேசம், கடலோரம், முன்னபின்ன தெரியாத ஜனங்க. நம்ம ஊர்ல அவள யாருங்க பேரு சொல்லிக் கூப்ட்டா? அஜித்து அம்மா. பூமாலை சம்சாரம். நானே ஏய்னுதான் கூப்புடுவேன். அவ பேர அவ்ளோ சத்தமா அன்னிக்குத்தான் கேட்டேன்.

அப்பறம் மனசு கேக்கல. ஒரு குடும்பஸ்தன் பொழப்பு. ஜெயப்பிரகாஷு கைய புடிச்சு ஓரமா இட்டுக்கினு போனேன். வாயத் தெறந்தேன். அதுக்குள்ள கப்பல் ஆபீசரு மிஷினத் தட்டிப் பாத்துட்டு, இந்தப் பேர்ல யாரும் கப்பல்லயே ஏறலன்னுட்டான். நிர்மலாம்மா அவன வுடல. நான் கண்ணால பாத்தேன், உன் மிஷின் இன்னாத்துக்கு ஆவும்னு ஒரே சண்ட.

ஜெயப்பிரகாஷு எம் மூஞ்சியப் பாத்தான். பாத்துக்கினே இருந்தான். லிஸ்ட்டுல அவ பேருக்கு நேரா வரலன்னு அவனே எழுதிக்கினான்.

நீங்க அப்டி எழுத முடியாதா? நானே எழுதிக் கையெழுத்து போடணுமா. சரிங்க.

அந்தப் பாரத்துல ஏற்கெனவே வெளியூர்னு எழுதிருக்கே, அது நான் சொன்னதுதான். முன்ன வந்த அம்மாவ களமருதூர்ல இருக்கான்னு சொல்லி ரெண்டு வாட்டி திருப்பி அனுப்புனேன். ரேஷன் கடையில ரேகை வைக்கக் கூப்ட்டப்பவும் அதேதான். முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. அந்த ஊரு ஏரிக்கரையிலதான் எரிச்சோம். செத்துட்டான்னு இந்த வாயால நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க டீச்சர். ஒண்ணே கால் வருஷம் ஆவுது.

குடுங்க பேனாவ. வெளியூர்ன்றத அடிச்சுட்டு இந்தக் கட்டத்துலயா? ம்.

ஆச்சு. இந்த வூட்ல ஓட்டு ஒண்ணு.