ஏழாவது சைஸ்

தரணி: நில்லுங்கக்கா... அந்தப் பையைக் கீழ வைங்க. ஒரே நிமிசமுங்க.

நாகஜோதி: பஸ்ஸு போயிரும் தம்பி. என்ன, ஏசி ரூமு ஆளுக்கு இப்பிடி வேர்க்குது?

தரணி: கேட்டுல சொன்னாங்க, உங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு. குவாட்டர்ஸையும்...

நாகஜோதி: நாளைக் காலையில காலி பண்ணணுமாம். மகளுக்குத் திங்கக்கெழமை பத்தாவது பரீச்சை. ஊத்துக்குளியில சொந்தக்காரி ஒருத்தி இருக்கா, அவ கால்ல விழுகத்தேன் போறேன்.

தரணி: அந்த ஸ்டிக்கருக்காகவா உங்களை...

நாகஜோதி: பெறகு? கண்டெய்னரே திரும்பி வந்துருச்சுல்ல. ஏழாவது சைஸ் பனியன் பூராவுக்கும் ஆறாவதோட ஸ்டிக்கர். ஒட்டுனது நாந்தேன். கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டாரு முதலாளி. தப்பு எம்மேலன்னு எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாக.

தரணி: தப்பு உங்க மேல இல்லீங்கக்கா. மிஷின்ல அடிச்சு வந்ததே தப்பு. அந்தப் புரோகிராம் எழுதுனது நானுங்க.

நாகஜோதி: சொல்லுங்க.

தரணி: நம்ம ஆர்டர் எல்லாமே ஆறு சைஸுதானுங்க. அதனால பட்டியல்ல ஆறே ஆறு இடம்னு கட்டி வெச்சிருந்தேன். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஓட விடறதுக்கு முந்தியே கம்பைலர்னு ஒண்ணு அத்தனையும் படிச்சுப் பாக்குமுங்க. கணக்கு ஒத்து வரலைன்னா ஓடவே விடாது.

நாகஜோதி: நாங்க செக்கிங் பாக்குற மாதிரியா?

தரணி: அதேதானுங்க. சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன், புது பையர், ஏழு சைஸ் கேட்டான். பட்டியல்ல ஆறை ஏழாக்குனேன். உடனே நின்னுபோச்சு. 'ஆறுக்குத்தான் ஸ்டிக்கர் சொல்லியிருக்கே, ஏழாவதுக்கு என்ன'ன்னு கேட்டுச்சு.

நாகஜோதி: கேட்டுச்சுல்ல... சொல்ல வேண்டியதுதானே?

தரணி: மறுநாள் லோடு ஏத்தணுமுங்க. அதைச் சொல்லணும்னா பத்து எடத்துல மாத்தணும். அதனால... எத்தனை வேணா வரட்டும்னு சாதாப் பட்டியலா மாத்திப்போட்டேன். கடைசியில ஒரே ஒரு வரி. ஆறுக்கு மேல எது வந்தாலும் ஆறாவது ஸ்டிக்கரையே அடின்னு. அப்புறமா திருத்திக்கலாம்னு நெனச்சனுங்க. அதுக்கப்புறம் அது ஒண்ணுமே கேக்கலீங்க.

நாகஜோதி: வாயை அடைச்சுட்டீக.

தரணி: ஆமாங்க. அந்த வரி மறந்தே போச்சு. நேத்துத்தான் கண்ணுல பட்டுச்சு.

நாகஜோதி: நேத்துத்தானா?

தரணி: ...நேத்துத்தானுங்க.

நாகஜோதி: சரி. முதலாளி மேலதேன் இருக்காரு. கார் நிக்குது பாருங்க. இப்ப என்கூட வந்து இதைச் சொல்றீகளா?

தரணி: அக்கா... வைகாசியில எனக்குக் கல்யாணமுங்க. இது தெரிஞ்சா பொண்ணு ஊட்ல...

நாகஜோதி: பதினோரு வருசம் தம்பி. இனி எந்தக் கம்பெனி கேட்டுல போயி நின்னாலும், கண்டெய்னரைக் கவுத்த பொம்பளைன்னுதேன் சொல்லுவாக. எனக்கு அழுகை கூட வரல.

தரணி: நெசமாலுமே மனசு கேக்கலீங்க. அதான் ஓடியாந்தேன்.

நாகஜோதி: அவருகிட்டச் சொல்ல மாட்டீக. பெறகு எதுக்குய்யா என்னைய நிறுத்துனீக?

தரணி: இல்ல... நீங்க அவர்கிட்ட... ஸ்டிக்கரைப் பத்தி வேற எதுவும் சொல்லலீங்களே?

நாகஜோதி: சொன்னேனே. மொதப் பெட்டியிலயே பாத்துட்டு இண்டர்காம்ல உங்களைக் கேட்டேன், 'கம்ப்யூட்டரை விட உங்களுக்குத் தெரியுமா, ஒட்டுங்கக்கா'ன்னுட்டு நீங்க போனை வெச்சுட்டீகன்னு சொன்னேன். அவரு அப்பவே எம்பேரைச் சொல்லாம உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டுத்தேன் கேட்டாரு தம்பி. 'யாரும் எங்கிட்டக் கேக்கலீங்க'ன்னு நீங்க சொல்லும்போது அவரு டேபிளுக்கு எதுத்தாப்புல நாந்தேன் நின்னுக்கிட்டிருந்தேன்.