நான்காம் அங்கத்தை வெட்டியவர் முன்னிலையில்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, துக்கத்துக்கு வெள்ளைப் பூ குத்தி வந்திருக்கும் நாடகக் குழுவினரே, லுவோ குடும்பத்தாரே, வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பண்பாட்டுத் துறைத் துணை இயக்குநர் தெங் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் ஒலிப் பொறியாளன். எனக்குப் புகழுரை வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

கோமாளி வேடத்தில் நம் மாவட்டத்துக்கே தலைவர் லுவோ பாவ்ஷெங் ஆசான். 'மூழ்கிய கூலி' நாடகத்தை அறுபது ஆண்டுகளாக எவரும் ஆடவில்லை. கையெழுத்துப் படியில் மிஞ்சியது வசனம் மட்டும். ஆட்டத்தை எங்கிருந்து எடுத்தார்? வாயிலிருந்து. சிறுவயதில் மனப்பாடமான மேளச் சொற்கட்டுகளைப் பதினொரு நாள் என் மைக்கில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் ஒரு காலடி. இடையில் நான் ஏதாவது குமிழைத் திருகினால், "டேய் ஒயர்காரா, நான் செத்த பிறகு திருகு. இப்ப கேளு" என்பார்.

அவர் போய்விட்டார். இன்றுவரை அதில் ஒரு நொடியையும் நான் தொடவில்லை. தொட்டது யார்? மூழ்கிச் செத்த கூலியாளின் ஆவி, தன் சாவுக்கு நியாயம் சொல்லாத நீதிபதியை நாற்காலியிலிருந்து இழுத்துப் போடும் நான்காம் அங்கத்தை வெட்டியது யார்? சுவரொட்டியில் 'மீட்டெடுத்தவர்: தெங்' என்று அச்சடித்தது யார்? ஆசான் நேரில் கேட்கப் போனார். நானும் உடனிருந்தேன்.

"தெங், நாலாவது அங்கம் இல்லாட்டி அந்தக் கூலி எதுக்குப்பா செத்தான்?"

"விருந்தாளிங்க சாப்பிடப் போகணும், பெரியவரே. உங்க ஞாபகத்தை நம்பி எவ்வளவு நேரம் உட்காருவாங்க? வீட்டுல போய் மத்த கிழவனுங்க மாதிரி சிப்பி உரிங்க."

அன்று முதல் ஒத்திகைக் கூடத்துக்குள் அவரை விடவில்லை. ஐந்தாம் வாரம் மாரடைப்பு. நீங்கள் கொன்றீர்கள் என்று சொல்லமாட்டேன். மருத்துவச் சான்றில் அப்படி இல்லை.

நாளை மறுநாள் உங்கள் அரங்கேற்றம். ஒப்பனை அறையில் கோமாளி தன் மூக்கில் வெள்ளை தீட்டும்வரை ராஜா வேடக்காரர்கூடத் தூரிகையைத் தொடமாட்டார். உங்களிடம் எந்தக் கோமாளி இருக்கிறார்? குழுவின் கோமாளிகள் நால்வரும் நேற்றே எங்களோடு சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்த பெய் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, அவரு வெளியூர்லேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டா?"

"மூக்குல எவன் வேணா வெள்ளை பூசட்டும். அவனுக்கு அப்புறம் தூரிகை எடுக்க நம்ம ஆளு ஒருத்தன் வேணுமே" என்றார்.

உங்கள் அரங்கேற்றம் நடக்கும் அதே மாலை, ஆற்றுக்கு அக்கரையில், மாஸு அம்மன் கோயில் மேடையில், நான்கு அங்கமும் ஆடுவோம். ஒரு காலடி குறையாது. ஒலிபெருக்கிகளை ஆற்றை நோக்கி வைத்திருக்கிறேன். உங்கள் விருந்து மண்டபம் முந்நூற்றுப் பத்து மீட்டர், அளந்துவிட்டேன். நீதிபதி தரையில் விழும் சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும்.

எல்லோரும் எழுந்திருங்கள். ஆசானுக்கு மூன்று முறை குனிந்து வணக்கம். தெங் அவர்களே, நீங்களும்தான். நன்றாகக் குனியுங்கள்.