ஏழு தண்ணீர் அலசிய தோல்

உட்கார்ந்தே சொல்கிறேன் ஐயா. சேணம் தைத்துத் தைத்து முதுகு போய்விட்டது. ஆம்பூரில் என் தையலைக் குறை சொன்னவர் கிடையாது.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் ரிவால்வர், பஸ்ரா சண்டையில் செத்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டனுடையது. அவருக்கு எடுபிடியாக, ஆர்டர்லியாக இருந்த இருதயராஜ் அதை ஊருக்குக் கொண்டுவந்தான். அவன் என் சின்ன வயசு தோஸ்த். தோல் கிடங்கு சாயபு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து அவனைக் காவலுக்கு வைத்தார். சுந்தரியை எனக்குத்தான் பேசியிருந்தார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு அவன் தெருவில் நடந்ததும் அவள் அப்பாவுக்கு மனசு மாறி, அவனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் எரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் சுந்தரியே என் பட்டறைக்கு வந்தாள். "பட்டாளத்துத் துப்பாக்கி உறை கிழிஞ்சி போச்சிண்ணே. நல்லதா ஒன்னு தெச்சிக் குடுங்க. அவரு உயிரே அதுலதான் இருக்குது" என்றாள். எனக்குப் பேசிய பெண், என்னை அண்ணன் என்கிறாள்.

உப்புப் போட்ட பச்சைத்தோலைப் பதனிடும் முன் ஏழு தண்ணீர் அலசவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உப்பு நின்ற தோல் இரும்பைத் தின்றுவிடும். அந்த ஒரு தோலை நானே பதனிட்டேன். இரண்டு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். தையலை மட்டும் முத்து முத்தாகப் போட்டேன்.

இருதயராஜ் இடுப்பில் கட்டிப் பார்த்தான். "இன்னாடா சாமுவேலு, கேப்டன்கிட்டகூட இந்த மாதிரி இல்லடா" என்று என்னைக் கட்டிக்கொண்டான். சனிக்கிழமைதோறும் துப்பாக்கியைத் துடைக்க என்னிடமே கொடுப்பான். வெளியே பளபளவென்று துடைத்துக் கொடுப்பேன். உள்ளே துரு ஏறுவதை வாராவாரம் பார்த்தேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, தோல் வாடைக்கு மலையிலிருந்து சிறுத்தை இறங்கியது. கிடங்கு ஆட்கள் எல்லாரும் ஓட, அவன் மட்டும் எதிரே போய் நின்றான். விசை அசையவில்லை.

அடக்கம் முடிந்ததும் சுந்தரி, "இதப் பாத்தாலே பேஜாரா இருக்குது. நீங்களே வெச்சிக்கங்கண்ணே" என்று கொடுத்துவிட்டாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவெல்லாம் எடுத்தேன். புது உறை தைத்தேன். வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்து, நேற்று சாயங்காலம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டேன்.

"அவரு உங்களக் கூடப்பொறந்தவன்னு சொல்வாரு. இன்னா பேச்சு பேசறீங்கண்ணே?" என்றாள்.

செத்தும் அவன்தான் ஜெயித்தான்.

ஒரே தடவைதான் அழுத்தினேன். உடனே வெடித்தது. இந்த உறைத் தோலை ஏழு தண்ணீர் அலசியிருந்தேன் ஐயா. சுந்தரிக்கு நான் எதிலும் குறை வைத்ததில்லை.