எட்டு நொடியில் திறக்கும் கணினி

அன்புள்ள மச்சானுக்கு,

எங்கள் வீட்டுப் பழைய கணினி திறக்க நான்கு நிமிடம் எடுக்கும். பொத்தானை அழுத்திவிட்டுத் துணி உலர்த்தப் போகலாம். திரும்பி வரும்போதும் அது யோசித்துக்கொண்டேதான் இருக்கும். அதைத் திட்டாத நாளில்லை. அந்த நான்கு நிமிடத்தின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

நேற்று தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். எங்கள் கணினியின் எஸ்.எஸ்.டி.யை, அந்தப் புது ரகச் சேமிப்புப் பட்டையை, நீங்கள் எடுத்துப்போய்க் காட்டிய அந்தக் கடைக்காரர் தொழில் தெரிந்தவர். அது பழுதாகவில்லை என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்த புதிதில் நூற்றிருபது ஜிபி என்றால் வாயைப் பிளப்பார்கள். எங்கள் வீட்டிலும் இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உங்கள் தங்கையும் உட்கார்ந்து பாப்பாவின் வீடியோக்களைக் கழிப்போம். சோப்புக் குமிழி பிடித்ததை வைப்பதா, தலையணையோடு மல்லுக்கு நின்றதை வைப்பதா என்று சண்டையே வரும். பெரும்பாலும் எடுத்தது உங்கள் தங்கை என்பதால் வெல்வதும் அவள்தான். பிறகு கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்நூறு, ஆயிரம் என்று வளர்ந்து, இப்போது சூயிங்கம் பட்டை அளவில் இரண்டு டெராபைட் கிடைக்கிறது. கழிக்கிற வேலையே இல்லை.

பாப்பா எங்களை விட்டுப் போன ஆறாம் மாதம் அப்படி ஒரு எஸ்.எஸ்.டி.யை வீட்டுக் கணினியில் மாட்டினேன். நல்லெண்ணத்தில்தான். பழைய ஹார்ட் டிஸ்குகள், இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசிகள், எல்லாவற்றிலும் இருந்ததை அதில் வாரிக் கொட்டினேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. இடம்தான் இருந்ததே. காலியானவற்றை அன்றே கடையில் துளை போட்டுக் குப்பையில் எறிந்தேன். அது தொழில் பழக்கம். வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு பிரதி வையுங்கள் என்று சொல்கிறவன் நான். ஊருக்குத்தானே உபதேசம்.

அதுவரை உங்கள் தங்கை கணினி முன் உட்காருவாள், நான்கு நிமிடம் காத்திருப்பாள், மனது மாறி எழுந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். புதியது எட்டே நொடியில் திறந்தது. எழுந்திருக்க நேரமே கொடுக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து தேதி வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நோட்டில் எல்லா வீடியோவுக்கும் தேதியும் நீளமும் எழுதி, பார்த்ததை டிக் அடித்தாள். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. வேலைக்குப் போவது நின்றது. சாப்பாடும் ஏனோதானோதான். அவளைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று நீங்கள் சொன்னது நினைவிருக்கும்.

"எப்படியாவது அவள அந்த ரூமை விட்டு வெளிய கொண்டு வாங்க மாப்பிள்ளை."

எப்படியாவது என்றீர்கள். அந்தச் சொல்லை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் அவளே சொன்னாள். "நாளைக்குக் கடைசி மாசம்ங்க. அன்னிக்கே எடுத்தது ஒண்ணு இருக்கு, ஆறு நிமிஷம். அதையும் பார்த்துட்டேன்னா வேலைக்குப் போயிடுவேன்."

பாப்பா போன அன்றைக்கு எடுத்தது ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் குளிக்கப் போனபோது பார்த்தேன். பிறகு அவள் ரொட்டி வாங்கக் கிளம்பினாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

ஆமாம், நான்தான்.

பழைய டிஸ்கில் அழிப்பது டப்பாவின் மேலிருக்கும் சீட்டைக் கிழிப்பது மாதிரி. உள்ளே பண்டம் அப்படியே இருக்கும். எத்தனையோ பேருக்குக் கல்யாண வீடியோவை நானே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி. அப்படியில்லை. சீட்டைக் கிழித்தால் டப்பாவைத் தானே கழுவிக் கவிழ்த்துவிடும். மின்சாரம் மட்டும் இருந்தால் போதும். அதனால் கணினியை அணைக்கவில்லை. அவள் வந்ததும் இருவரும் தேநீர் குடித்தோம். ரொட்டிக் கடையில் கூட்டம் என்றாள். உள்ளே அது கழுவிக்கொண்டிருந்தது.

பிறகு வீடியோக்கள் போய்விட்டதைக் காட்டி, "பழசு சாகறதுக்கு முன்னாடி டிக் டிக்னு சொல்லும். இது சொல்லாமலே போயிடும்," என்றேன். அதில் பொய் இல்லை, அந்த ரகம் அப்படித்தான். அவள் அழவில்லை. "நோட்டு இருக்குல்ல, போதும்," என்றாள். இப்போது அந்த நோட்டைத்தான் படிக்கிறாள். அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள், கவனித்தீர்களா? கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

அந்த ஒன்றை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். நோட்டில் தேதியோடு, ஆறு நிமிடம் என்று எழுதி வைத்துவிட்டாளே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. நான் சோற்றையே கொட்டிவிட்டேன்.

அன்று பாப்பா சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவள் பழைய கைப்பேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்துத் தன்னைத்தானே படம் பிடித்திருக்கிறாள். பிரேக்கை அழுத்திக் காட்டுகிறாள். "அப்பா, பிரேக் புடிக்கல, வந்து பாருங்க." உள்ளேயிருந்து என் குரல், "இதோ வரேன்டா கண்ணு." மூன்று முறை அவள், மூன்று முறை நான். ஒரு வாடிக்கையாளரின் டிஸ்கைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நான்கு சதவீதம் ஆகியிருந்தது. "சரி, நான் மெதுவாவே ஓட்டுறேன்," என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அப்புறம் காலி வாசலும், உள்ளே நான் சீட்டியடிக்கும் சத்தமும்தான்.

அதைக் கேட்டால் உங்கள் தங்கை தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் செய்தேன்.

அழிப்பதற்கு முன் அந்த ஒன்றை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். தினமும் கடையில் கேட்கிறேன். இத்தனையில் இதை ஏன் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். மற்ற எல்லாவற்றிலும் பாப்பா அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள்.