ஜன்னலில் சாயாத குடை

குன்னூரில் ரயில் கிளம்பியதும், எதிர்ப் பலகையில் இருந்த இளம் போலீஸ்காரர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

“ஏனுங்கண்ணா, தரையில நின்னு சுட்டா பத்துக்குப் பத்துங்க. ஓடற லாரிக்குள்ள இருந்து சுட்டா ஒண்ணுகூடப் படலீங்க. நாளைக்குப் பரீட்சையிலயும் தவறினா மலையை விட்டுக் கீழ மாத்திருவாங்க. ஊட்டுக்காரிக்கு இது ஒன்பதாம் மாசமுங்க.”

பக்கத்தில் இருந்தவர் அந்த லாரியின் டிரைவர்.

“துப்பாக்கியை எதுமேல வெச்சுச் சுடற?”

“ஜன்னல் கட்டை மேலதானுங்க. கை ஆடக்கூடாதில்லீங்களா?”

“அட கோமாளி! எஞ்சின் உதறல் பூராவும் அந்தக் கட்டையிலதானே இருக்குது? உன் தோள்தான் தாங்கோணும்.”

“நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டுனீங்கன்னா...”

“பக்கத்துல பரீட்சை பாக்கற துரை உக்காந்திருப்பாரு. நானும் உன்கூடக் கீழ வரட்டுமா?”

இளையவர் தன் குடையை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். நுனி நடுங்கியது. பிறகு அதைத் தூக்கித் தோளில் ஊன்றி, ஓடும் தேயிலைச் செடிகளைக் குறிபார்த்தார். நடுக்கம் மெல்ல அடங்கியது. லவ்டேல் வந்தும் அவர் குடையை இறக்கவில்லை.

பிளாட்பாரத்தில் கொடியோடு நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் சட்டென்று குனிந்தார்.

“நாளைக்குப் பட்டுரும்,” என்றார் டிரைவர்.